நான்கு எண்ணும்வரை நகராத வண்டி

மார்கழி கடைசி வாரத்தில் தொடங்கியது. காலை ஆறு மணி. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் முதலாளியின் கோழிப்பண்ணை, அவர் வீடும் அங்கேயேதான். தகரக் கூரைக்குக் கீழே நின்றிருந்த காரை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை முன்னால் போகிற டி-க்கு இழுத்தேன். எஞ்சின் ஓடுகிறது. டி என்று விளக்கு எரிகிறது. சக்கரம் மட்டும் அசையவில்லை. மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதன் பிறகு யாரோ பின்னாலிருந்து கடப்பாரையால் இடித்த மாதிரி ஒரு குத்து. வண்டி துள்ளி முன்னால் போனது.

பின் சீட்டில் இருந்த முதலாளி கையிலிருந்த போனைக் கீழே போட்டார்.

"என்னப்பா இது, காளையக் கட்டி ஓட்டறவனாட்ட ஓட்டறே?"

"ஏனுங்க, கியர் புடிக்க நேரமாவுதுங்க. ஆயில் குளுந்து கெட்டியாப் போச்சாட்ட இருக்குதுங்க."

"குளுரா? நாமக்கல்லுல குளுரு? அப்ப கியர் பொட்டிக்கு ஒரு மப்ளர் வாங்கிக் கட்டீரலாமா?"

அவரே சிரித்துக்கொண்டார். பண்ணை மேஸ்திரி, தீவன ஆலைக்காரர், முட்டை வியாபாரி என்று அன்று சந்தித்த எல்லோரிடமும் அந்த மப்ளரைச் சொன்னார். சாயங்காலத்துக்குள் புதுச்சத்திரம் டீக்கடையில் நான் மப்ளர் டிரைவர் ஆகிவிட்டேன். அதற்கப்புறம் ஒரு மாதம் நடந்ததை நினைத்தால் இன்னும் பல்லைக் கடிக்கிறேன். எழுதினால் ஆறும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆறுமா என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, இருபத்துநான்கு வருஷம் ஓட்டினேன். முட்டை, மக்காச்சோளம், ஜவ்வரிசி, இரும்பு, வெங்காயம் எல்லாம் ஏற்றியிருக்கிறேன். நான் பயந்த சுபாவம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கயிற்றுக் கட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பத்துக் கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, இறங்கி, டயரை உதைத்துப் பார்ப்பேன். மற்ற டிரைவர்கள் சாப்பிட்டு எழுந்து போன பிறகும் நான் வீல் நட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னைக் கேலி செய்யாத ஆள் இந்த ரோட்டில் கிடையாது. ஆனால் என் வண்டியில் ஒரு முட்டை அட்டை சரிந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் இடது முழங்கால் போனது. இருபத்துநான்கு வருஷம் கிளட்ச் மிதித்த கால். சேலத்தில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "எலும்பும் எலும்பும் உரசுது. இனிமே இந்தக் காலை வெச்சுக் கிளட்ச் அமுக்கினீங்கன்னா நடக்கவே முடியாது" என்றார். அந்தச் சமயத்தில்தான் பண்ணை முதலாளி கிளட்சே இல்லாத கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். டீசல் வண்டி, பெரியது. அவர் ஊட்டில் யாருக்கும் அது பிடிபடவில்லை. நானாகப் போய்க் கேட்டேன். கொடுத்தார். இடது காலை மடக்கி ஓரமாக வைத்துக்கொண்டு வலது காலால் மட்டும் ஓட்டலாம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னால் ஓட்ட முடிந்த வண்டி, எனக்குக் கொடுக்க ஆள் இருக்கிற வண்டி, அது ஒன்றுதான். அது போனால் டிரைவர் என்கிற பெயரும் போனது. எனக்கு வேறு தொழில் தெரியாது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கியர் பெட்டிக்காக ஒருவன் ஏன் இத்தனை பாடுபட்டான் என்று தோன்றும்.

குளிர்ந்த எண்ணெயைப் பற்றி எனக்குத் தெரியாமலா சொன்னேன்? ஆப்பிள் ஏற்ற லாரியில் காஷ்மீர் வரைக்கும் ஏழெட்டு தடவை போயிருக்கிறேன். விடிகாலையில் அங்கே கியர் தடியை அசைத்தால் வெல்லப்பாகுக்குள் கரண்டி விட்ட மாதிரி இருக்கும். பழைய தகர டின்னில் கரியைப் போட்டு நெருப்பு மூட்டி, கியர் பெட்டிக்குக் கீழே தள்ளி வைத்து, அரை மணி நேரம் காத்திருப்போம். மெல்ல மெல்லத் தடி இளகும். லாரியில் எண்ணெயின் சேதியைக் கை சொல்லும். இந்தக் காரில் கைக்கு ஒன்றும் தெரியாது. லீவர் எந்தக் குளிரிலும் வெண்ணெய் மாதிரிதான் நகர்கிறது. உள்ளே எண்ணெயின் அழுத்தத்தில்தான் கியர் விழுகிறது என்பதால், எண்ணெய் கெட்டியானால் கியர் விழ நேரமாகும். தெரிந்துகொள்ள எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதனால் எண்ண ஆரம்பித்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் உண்டு. அதில் தீப்பெட்டி அளவு டப்பா ஒன்றைச் செருகினால், வண்டிக்குள் எங்கெங்கே எவ்வளவு சூடு என்று செல்போனில் எண் வரும். நாமக்கல்லில் கேட்டு வாங்கிவந்தேன். என் பெண்சாதி அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க முட்டிக்கு ஒரு மாத்திரை வாங்கச் சொன்னா காருக்குக் காய்ச்சல் பாக்கற கருவி வாங்கிட்டு வாரீங்க?" என்றாள். ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் எழுதினேன். கியர் ஆயில் இருபத்தொன்று டிகிரி, எண்ணிக்கை நான்கு. பத்தொன்பது டிகிரி, எண்ணிக்கை ஐந்து. நாமக்கல் போய்ச் சேரும்போது அறுபது டிகிரி, எண்ணிக்கை ஒன்றுகூட இல்லை, போட்டதும் பிடித்துக்கொள்கிறது. பதினைந்து நாள் அப்படியே வந்தது. குளிர்ந்திருந்தால் நோய், சூடானால் சுகம்.

நோட்டை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

"ஏம்பா, கோழிக்குத்தான் டெம்பரேச்சர் எழுதுவாங்க. நீ காருக்கு எழுதறயே. முட்டை கிட்டை வுடுமா?"

"நெசமாத்தானுங்க சொல்றேன். போன கார்த்திகை வரைக்கும் இப்படி இல்லீங்க. சேலத்துல கம்பெனி சர்வீஸ்ல ஒருக்கா காட்டீரலாமுங்க."

"எதுக்குச் சேலம்? நம்ம பட்டறை இருக்கறப்ப?"

நம்ம பட்டறை என்றால் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறை. முதலாளியின் அப்பா காலத்திலிருந்து அவர்கள் லாரிகளை அங்கேதான் விடுகிறார்கள். பட்டறைக்காரர் லாரி கியர் பெட்டியில் கெட்டிக்காரர். சத்தத்தை வைத்தே எந்தப் பல் உடைந்தது என்று சொல்வார். எனக்கும் கிளீனர் காலத்திலிருந்து பழக்கம், நான் அவரை மேஸ்திரி என்பேன், அவர் என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். கார்த்திகையில் இந்தக் காரின் கியர் பெட்டியில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் சீல் ஒன்று கசிந்தபோதும் அவரிடம்தான் விட்டோம். புதுச் சீல் போட்டு, குறைந்த எண்ணெயை ஊற்றிக் கொடுத்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கொண்டுபோனேன். முதலாளிக்கு அப்போதுதான் நேரம் கிடைத்தது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. கியர் ஆயில் எழுபத்திரண்டு டிகிரி. பட்டறைக்காரர் ஏறி உட்கார்ந்து, டி போட்டார், பின்னால் போகிற ஆர் போட்டார், மறுபடி டி போட்டார். வண்டி சொன்னபடி கேட்டது.

"மாப்ள, வண்டி பொண்ணு மாதிரி இருக்குது. உனக்குத்தான் சீல் போயிருச்சு."

பட்டறையே சிரித்தது. முதலாளியும் சிரித்தார்.

"மேஸ்திரி, காத்தால வந்து பாருங்க. குளுந்திருக்கறப்பப் பாத்தாத்தானுங்க தெரியும்."

"செரி, வுட்டுட்டுப் போ. காத்தால பாத்துப்புடலாம்."

விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். மறுநாள் ஆறரைக்கே பட்டறை வாசலில் நின்றேன். என் கார் புகை விட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் நான்கு லாரிகளும் ஓடிக்கொண்டிருந்தன. லாரிப் பட்டறைகளில் இது வழக்கம். பொழுது விடியும் முன்பே வாட்ச்மேன் எல்லா வண்டிகளையும் ஸ்டார்ட் செய்து ஓட விட்டுவிடுவார். பிரேக்குக்குக் காற்று ஏறினால்தான் லாரியை நகர்த்த முடியும், மேஸ்திரி வரும்போது தயாராக இருக்க வேண்டும். என் காருக்கு ஏர் பிரேக்கே கிடையாது. அதையும் முக்கால் மணி நேரம் ஓட விட்டிருக்கிறார்.

"ஏனுங்க, இதுக்கு எதுக்குங்க காத்து?" என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"வரிசைல நின்னுச்சு. ஒண்ணை மட்டும் வுட்டா மேஸ்திரி வைவாருங்க."

போனில் பார்த்தேன். எண்ணெய் நாற்பதைத் தாண்டிவிட்டது. மேஸ்திரி எட்டு மணிக்கு வந்தார். டி போட்டார். பிடித்தது. என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பயந்த ஆட்களுக்குக் கோபம் வந்தால் வார்த்தை வருவதில்லை. சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க ஸ்டியரிங்கோடு பேசிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் தை பிறந்து மூன்றாவது சனிக்கிழமை. முதலாளியின் ஊட்டுக்கார அம்மா சனிக்கிழமை தோறும் காலையில் நாமக்கல் கோயிலுக்குப் போவார். பனி இறங்கியிருந்தது. வழக்கம்போலப் பத்து நிமிஷம் ஓட விட்டு எடுக்கலாம் என்று பார்த்தேன். நடை திறக்கும் நேரமாகிவிட்டது என்று அவர் அவசரப்பட்டார். எடுத்தேன். முதல் குத்து வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பண்ணையிலிருந்து ஹைவே அரைக் கிலோமீட்டர்தான்.

எங்கள் பக்கத்து ரோடு ஹைவேயில் சேரும் இடத்தில், முதலில் சேலம் போகிற வண்டிகளின் பாதை. அதைத் தாண்டி நடுத்திட்டு இடைவெளியில் நின்று, அந்தப் பக்கம் நாமக்கல் போகிற பாதை காலியானதும் திரும்ப வேண்டும். இடைவெளி குறுகல். பெரிய கார் நின்றால் பின்பக்கம் ஒரு முழம் சேலம் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே நின்றேன். நின்றதும் என் கை தானாக லீவரை நியூட்ரலுக்குத் தள்ளியது. லாரிக்காரன் கை. எங்கே நின்றாலும் நியூட்ரல் போடு, கிளட்சை விடு, காலுக்கு ஓய்வு கொடு என்று பழகிய கை. இந்தக் காரில் அது தேவையே இல்லை. ஆனாலும் போடுகிறது.

எதிர்ப்பக்கம் காலியானது. டி போட்டேன். ஒன்று.

வலது பக்கக் கண்ணாடி வழியாக நாமக்கல்லிலிருந்து ஒரு முட்டை லாரி வருவது தெரிந்தது. உள் லேனில் வருகிறான். இரண்டு. அவன் ஹாரன் அடித்தான். நான் போய்விடுவேன் என்று நினைத்து அடிக்கிறான். லாரிக்காரன் கணக்கு எனக்குத் தெரியும். முன்னால் நிற்கிற கார் நகரும் என்கிற நம்பிக்கையில் அவன் வேகத்தைக் குறைக்க மாட்டான். மூன்று. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறேன், எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் அந்த அம்மா, "டிரைவரண்ணா, போங்க, போங்க, லாரி வருது" என்கிறார். நான்கு. டயர் தேய்கிற சத்தம் கேட்டது.

ஐந்தில் கியர் விழுந்தது. வண்டி எகிறி அந்தப் பக்கம் பாய்ந்தது. காற்று எங்களை ஒரு தள்ளுத் தள்ளியது, அவ்வளவு நெருக்கத்தில் லாரி போனது. அந்த டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி என் பரம்பரையையே திட்டிக்கொண்டு போனார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் திட்டியிருப்பேன்.

ஓரமாக நிறுத்தினேன். பூக்கூடை கவிழ்ந்து சீட்டெல்லாம் துளசி. அந்த அம்மா அதைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். பிறகு, "நீங்க சொல்லிட்டே இருந்தீங்களே அது இதுதானுங்களா?" என்றார்.

"ஆமாங்கம்மா. இதேதானுங்க."

"அவருகிட்ட நான் சொல்றேன்."

சொல்லியிருக்கிறார். அன்று பகலில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். தீவனக் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன்.

"நடுத்திட்டுல வண்டிய நியூட்ரல்ல போட்டயா?"

"போட்டனுங்க. பொறவு டி போட்டனுங்க. அஞ்சு எண்ணற வரைக்கும்..."

"உன்ற எண்ணிக்கைய வுடு. நியூட்ரல்ல போட்டயா இல்லையா?"

"போட்டனுங்க."

"லாரியப் பாத்துப் பயந்து கை கால் ஓடாம நியூட்ரல்லயே ஆக்ஸிலேட்டர முறுக்கியிருக்கறே. அதான் நடந்திருக்குது."

"இல்லீங்க. டி-ல இருந்துச்சுங்க. அம்மாவக் கேளுங்க."

"அவளுக்கு டி தெரியுமா, நியூட்ரல் தெரியுமா?" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. நோயாளியிடம் பேசுவது மாதிரி மெதுவாகப் பேசினார். "பாரப்பா. நீ நல்ல மனுசன். ஆனா பதட்டம் நெம்ப ஆயிருச்சு. ஊட்டுப் பொம்பளைங்க போற வண்டி. மாசக் கடைசி வரைக்கும் ஓட்டு. பொறவு தீவனக் கொட்டகைல மூட்டை பாத்துக்க. கால நீட்டி உக்காந்துக்கலாம்."

கால நீட்டி உக்காந்துக்கலாம். இருபத்துநான்கு வருஷம் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஓட்டியவனிடம் சொல்கிற வார்த்தையா இது? இரண்டு தடவை அவரிடம் முன்கூட்டியே சொன்னேன். எழுதிக் காட்டினேன். அவர் சிரித்தார். அவருடைய பெண்சாதியின் உயிர் ஒரு முழத்தில் தப்பியதும், தப்பு என் பயத்தின் மேல் விழுந்துவிட்டது. நான் நியூட்ரல் போட்டது உண்மை. அதை ஒளிக்கவில்லை. அந்த ஒரு உண்மையை எடுத்துக்கொண்டு மற்ற உண்மையையெல்லாம் மூடிவிட்டார்.

ஊட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தேன். பெண்சாதி தட்டை வைத்துவிட்டு, "ஏனுங்க, ஒரு வேள நீங்களே தெகச்சுப் போயி..." என்று ஆரம்பித்தாள். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள். ஆனால் அவள் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. ஒருவேளை நானேதானோ? டி-யில் இருந்ததாக நான் நினைத்துக்கொண்டேனோ? நோட்டில் எழுதிய எண்களையெல்லாம் பயத்தில் கூட்டி எழுதினேனோ? பயந்தவனுக்கு உலகம் வைத்திருக்கிற பெரிய தண்டனை இதுதான். கடைசியில் தன்னையே நம்ப மாட்டான்.

அதனால் என் கண்ணை நம்பாமல், வேறு ஏதாவது ஒன்று சாட்சி சொல்ல வேண்டும் என்று தேடினேன். கார் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையில் ஒரு கறை இருந்தது. புதிதாகப் போட்ட சீல் மறுபடியும் கசிய ஆரம்பித்திருக்கிறது. பண்ணையில் காகித முட்டை அட்டைக்கா பஞ்சம்? சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் அந்தக் கறைக்கு நேராக ஒரு அட்டையைத் தள்ளி வைத்துவிட்டுப் போனேன். காலையில் குனிந்து வெளியே இழுத்தேன். முப்பது குழியில் ஒரு குழியில் மூன்று சொட்டு. மெல்லிய எண்ணெயாக இருந்தால் காகிதம் குடித்திருக்கும். இது குளிரில் கெட்டியாகி, குமிழ் மாதிரி மேலேயே உட்கார்ந்திருந்தது.

இந்த மாதிரிக் கார்களில் கியர் ஆயில் சிவப்பாக இருக்கும். வண்டி வாங்கிய புதிதில் பார்த்திருக்கிறேன், ரோஸ்மில்க் மாதிரி. அட்டையில் இருந்தது தேன் நிறம். விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனேன். அழுகிய முட்டையும் கந்தகமும் கலந்த வாடை. எனக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும். பதினாலு வயதில் லாரிக்கு அடியில் படுத்துக் கியர் பெட்டி மூடியைக் கழற்றிய நாளிலிருந்து தெரியும். அது லாரி கியர் ஆயில். தொண்ணூறு நம்பர். சிவப்பு எண்ணெய் தண்ணி மாதிரி ஓடும். தொண்ணூறு நம்பர் விளக்கெண்ணெய் மாதிரி நிற்கும்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கார்த்திகையில் பட்டறையில் நடந்தது கண் முன்னால் வந்தது. சீல் மாட்டிய பிறகு மேஸ்திரி, "குறைஞ்சதுக்கு ரெண்டு லிட்டர் ஊத்தோணும் மாப்ள, இந்தக் கை பம்பைப் புடி" என்றார். மூலையில் இருந்த பேரலிலிருந்து பிடித்து வந்தார். லாரிக்கு ஊற்றுகிற அதே பேரல். பம்பை நான்தான் பிடித்தேன். அந்த வாடை வந்தது. வந்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதியாக இருந்தது. கிளீனர் காலம் முழுக்க மோந்த வாடை. கியர் பெட்டி என்றால் இந்த வாடைதான் என்று மூக்கு பழகிவிட்டது. "திக்கா இருந்தாத்தான் பல்லுத் தாங்கும்" என்று அவர் சொன்னதற்கு நான் தலையாட்டினேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன், மூன்று தடவை கயிற்றை இழுத்துப் பார்க்கிறவன், பயப்பட வேண்டிய அந்த ஒரு நாளில் பயப்படாமல் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அப்போது எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேஸ்திரி மேல் வந்தது, முதலாளி மேல் வந்தது, கடைசியில் என் மூக்கின் மேல் வந்தது. அட்டையை எடுத்துத் தூர எறிந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, கொட்டகையில் மூட்டை எண்ணிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். காட்டினால், பம்பைப் பிடித்தது யார் என்ற கேள்வி வரும். வரட்டும் என்று எழுந்தேன்.

முதலாளி அப்போதுதான் காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க, ஒரே ஒரு நிமிசம். நீங்க ஏறி உக்காருங்க. டிரைவர் சீட்டுல."

"காத்தால என்னப்பா கெரகம்?"

"உக்காருங்கன்னா உக்காருங்க!"

நான் அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவருக்கே ஆச்சரியம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ஏறினார். நான் பக்கத்துச் சீட்டில் ஏறி, போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். பத்தொன்பது டிகிரி.

"ஸ்டார்ட் பண்ணுங்க. பிரேக்க மிதிங்க. டி போடுங்க. விளக்கு டி-லதான எரியுது? நல்லாப் பாத்துக்கோங்க. இப்ப காலை எடுத்துட்டு எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க."

"என்னப்பா நீ, இஸ்கூலு வாத்தியாராட்ட..."

"எண்ணுங்க!"

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்..."

குத்து விழுந்தது. காபி முழுக்க வெள்ளைச் சட்டையில். வண்டி முன்னால் இருந்த தீவன மூட்டையில் முட்டி நின்றது. அவர் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"நீங்க பயந்து நியூட்ரல்ல முறுக்கீட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றேன்.

எங்கிருந்து அந்த வாய் வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இறங்கி, முட்டை அட்டையை எடுத்துக் காட்டினேன். வாடையைப் பிடிக்கச் சொன்னேன். சிவப்பாக இருக்க வேண்டியது ஏன் தேன் நிறத்தில் இருக்கிறது என்று சொன்னேன். பம்பைப் பிடித்தவன் நான்தான் என்பதையும் அதே மூச்சில் சொன்னேன்.

அவர் மேஸ்திரிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது.

"கியர் ஆயில்னா கியர் ஆயில்தானுங்க. முப்பது வருசமா அதத்தான ஊத்தறோம். உங்க லாரி எது நின்னுச்சு, சொல்லுங்க பாப்போம்? உங்க டிரைவருந்தான் பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தான். அவன் வாயத் தொறந்தானா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கீழே பார்க்கவில்லை. "தொறக்கலீங்க. நான் செஞ்சது தப்புத்தானுங்க. ஆனா பொறவு ஒரு மாசமா வாயத் தொறந்துட்டேதான் இருந்தேன். யாரு கேட்டீங்க?"

போனை வைத்தார். ரொம்ப நேரம் சட்டையிலிருந்த காபியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே வண்டியை லாரியின் மேல் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினோம். அங்கே பழைய எண்ணெயை முழுக்க வடித்தார்கள். கலங்கிய பழுப்பாக இறங்கியது. சிவப்பு எண்ணெயை விட்டு ஓட்டி, மறுபடி வடித்து, மறுபடி விட்டார்கள். சீலையும் மாற்றினார்கள். உள்ளே தகடுகள் தேயும் முன் கொண்டுவந்ததால் தப்பித்தது, இன்னொரு மாதம் ஓட்டியிருந்தால் பெட்டியையே மாற்ற வேண்டி வந்திருக்கும் என்றார் அங்கிருந்தவர். அதை முதலாளி காதுபடச் சொன்னார். எனக்கு அது போதும் என்று அப்போது நினைத்தேன்.

போதவில்லை. வண்டி வந்த மறுநாள் டீக்கடையில் முதலாளி முட்டை வியாபாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எனக்கு அப்பவே சந்தேகமுங்க. ஒரு நா காத்தால நானே ஏறி உக்காந்து டி போட்டுப் பாத்தேன். அஞ்சு எண்ணற வரைக்கும் நகருல. புடிச்சுப்புட்டேன்." நான் கையில் டீயோடு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டும் தொடர்ந்தார். மப்ளர் என்ற பெயரை மட்டும் அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் இன்றைக்கும் அதுதான் என் பெயர்.

மாசக் கடைசி வந்தது. கொட்டகையைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சாவி என் பையிலேயே இருந்தது. நீ ஓட்டு என்றும் சொல்லவில்லை, தப்பாகப் பேசிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த அம்மா மட்டும் ஒரு சனிக்கிழமை கோயிலிலிருந்து வந்து, செந்தூரப் பொட்டலத்தை டேஷ்போர்டில் வைத்துவிட்டு, "உங்களுக்குந்தான் வேண்டிக்கிட்டேனுங்க அண்ணா" என்றார்.

இப்போது நடுத்திட்டில் நின்றால் என் இடது கையை வலது கையால் பிடித்துக்கொள்கிறேன். நியூட்ரலுக்குப் போகாமல் இருக்க. பழகுகிறது.

போன வாரம் ஒரு காலை. மாசி பிறந்தும் குளிர் விடவில்லை. முதலாளி பின் சீட்டுக்குப் போகாமல் முன்னால் வந்து உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்தேன். என் போன் ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டியிருந்தது. அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை போல, எண் தெரியவில்லை.

"எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார்.

இருபது காட்டியது. நான் சொல்லவில்லை. இடது காலை மடக்கி ஓரமாக வைத்துக்கொண்டு டி போட்டேன். ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்தது.

"ஏம்பா, கேக்கறனல்லோ?"

"வண்டி போயிட்டுதானுங்க இருக்குது" என்றேன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.